குறுந்தூரப் பயணத்துக்குப் பழைய சைக்கிள்: எதை முதலில் பார்க்க வேண்டும்?

வேலைக்கோ கல்லூரிக்கோ ரயிலைப் பிடிக்கவோ தினமும் 3, 4 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. அதைச் சைக்கிளில் போகலாமே என்று தோன்றுகிறது. ஆனால் சின்ன வயதில் ஓட்டியதோடு சரி, சைக்கிளைப் பார்த்து வாங்கத் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றில்லை. நல்ல ஃப்ரேம் உள்ள பழைய சைக்கிளில் நாலைந்து பாகங்களை மாற்றினால் அது பல வருடம் உழைக்கும். அதே செலவில் கிடைக்கும் மலிவான புதுச் சைக்கிளைவிடப் பெரும்பாலும் அது நன்றாகவே ஓடும்.

பழைய சைக்கிள் பார்க்கப் போகிறவர்களில் பலர் முதலில் பெயின்டைப் பார்க்கிறார்கள், அப்புறம் கியர் எத்தனை என்று கேட்கிறார்கள், அப்புறம் விலை. தன் உயரத்துக்குச் சரிவருமா என்பதைக் கடைசியில் யோசிக்கிறார்கள், சிலர் அதையும் யோசிப்பதில்லை. இந்த வரிசையை அப்படியே திருப்பிப் போட வேண்டும். டயர், செயின், பிரேக் கட்டை, கேபிள் எல்லாம் தேய்வதற்கென்றே உள்ளவை. அவை மோசமாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், வாங்கிய பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஃப்ரேம் உங்களுக்குச் சின்னதாகவோ பெரிதாகவோ இருந்தால், விபத்தில் வளைந்திருந்தால், துருப்பிடித்துப் பாகங்கள் ஒன்றோடொன்று இறுகிப்போயிருந்தால், எவ்வளவு பணம் போட்டாலும் அது சரியாகாது. மாற்ற முடியாததை முதலில் பாருங்கள். அதில் தேறிய சைக்கிளில் மட்டும் மற்றவற்றைப் பாருங்கள்.

சைக்கிளைத் தேடும் முன்

நீங்கள் போகப்போகும் பாதையை ஒரு தடவை நடந்தாவது பாருங்கள். சாதாரணமாக ஓட்டினால் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் வரும், 5 கிலோமீட்டருக்கு 20 நிமிடம். இதற்குப் பந்தயச் சைக்கிளும் வேண்டாம், மலையேறும் சைக்கிளும் வேண்டாம். பாதை சமதளமாக இருந்தால் கியரே இல்லாத சைக்கிள் போதும். வழியில் மேம்பாலமோ நீண்ட ஏற்றமோ இருந்தால் கியர் உதவும். அப்போதும் 3 கியர், 7 கியர் தாராளம். 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அதில் பாதி ஒன்றையொன்று ஒத்தே இருக்கும், பராமரிப்பு மட்டும் கூடும்.

சாலை குண்டும் குழியுமாக இருந்தால் பலரும் முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிளைத் தேடுகிறார்கள். மலிவான சைக்கிளில் வரும் ஷாக் அப்சார்பர் எடையைக் கூட்டுவதற்கு மேல் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பழைய சைக்கிளில் அது பெரும்பாலும் துருப்பிடித்து அசையாமலோ, தேய்ந்து லொடலொடவென்றோ இருக்கும். குறுந்தூரத்துக்கு அகலமான டயரே போதும். 35 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ள டயரில் காற்றைச் சரியாக அடித்தால் பெரும்பாலான குழிகளைத் தாங்கிவிடும்.

இன்னொன்று, சைக்கிளை எங்கே வைக்கப்போகிறீர்கள்? மாடிக்குத் தூக்க வேண்டுமென்றால் எடை முக்கியம். கனமான பழைய இரும்புச் சைக்கிள் 20 கிலோவைக்கூடத் தொடும். தரையிலேயே நிறுத்த இடம் இருந்தால் இந்த எடையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அளவு

சைக்கிள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அளவு பொருந்தாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். ஒரு மாதத்தில் முட்டி வலியோ முதுகு வலியோ வந்து சைக்கிள் மூலைக்குப் போய்விடும். ஃப்ரேம் அளவை அங்குலத்திலோ சென்டிமீட்டரிலோ எழுதியிருப்பார்கள். ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாக அளப்பதால் அந்த எண்ணை மட்டும் நம்பாமல் ஏறிப் பாருங்கள்.

முதலில், மேல் பாருக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து, சீட்டுக்கு முன்னால் நில்லுங்கள். பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், பாருக்கும் உடம்புக்கும் நடுவே குறைந்தது 2, 3 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அவசரமாகப் பிரேக் அடித்துக் கீழே குதிக்கும்போது இந்த இடைவெளி தேவைப்படும். வேட்டி, சேலை, பாவாடை போன்ற உடையில் ஓட்டுபவர்கள் பார் தாழ்ந்த ஃப்ரேமை எடுப்பது நல்லது. ஏறி இறங்கச் சிரமப்படும் யாருக்குமே அதுதான் வசதி. அது பெண்களுக்கு மட்டுமானது என்று நினைத்து ஒதுக்காதீர்கள்.

அடுத்து சீட் உயரம். சுவரில் ஒரு கை ஊன்றிச் சீட்டில் உட்காருங்கள். பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வையுங்கள். அப்போது கால் நேராக நீள வேண்டும். இந்த உயரத்தில் வைத்துவிட்டு முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசாக மடிந்திருக்கும், அதுதான் சரி. புதிதாக ஓட்டுபவர்கள் முதல் சில வாரம் இதைவிட 2 சென்டிமீட்டர் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம். நிறுத்தும்போது விரல் நுனி தரையில் பட்டால் பயம் இருக்காது.

இந்த உயரத்துக்குச் சீட்டைத் தூக்கும்போது சீட் பைப்பில் ஒரு கோடு தெரிகிறதா பாருங்கள். அது குறைந்தபட்சம் உள்ளே இருக்க வேண்டிய அளவு. கோடு வெளியே தெரிந்தால் அந்த ஃப்ரேம் உங்களுக்குச் சின்னது. அதை அப்படியே ஓட்டினால் சீட் பைப் உடையலாம், ஃப்ரேமும் விரிசல் விடலாம்.

கடைசியாக, ஹேண்டிலைப் பிடித்து உட்காருங்கள். முழங்கை லேசாக மடிந்திருக்க வேண்டும். கை விறைத்து நீண்டிருந்தால் சைக்கிள் உங்களுக்கு நீளம். ஹேண்டிலை மாற்றி இதைக் கொஞ்சம் சரிசெய்யலாம், நிறையச் செய்ய முடியாது.

ஃப்ரேமும் ஃபோர்க்கும்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் வெளிச்சத்தில் பாருங்கள், கையில் ஒரு துணி வைத்துக்கொண்டு அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். சாயங்காலம் இருட்டியபின் காட்டுகிறேன் என்று சொல்பவரிடம் மறுநாள் காலை வருவதாகச் சொல்லுங்கள்.

ஹேண்டிலுக்குக் கீழே, மேல் பாரும் கீழ் பாரும் வந்து சேரும் இடம்தான் முதல் இடம். முன்னால் மோதிய சைக்கிளில் இந்தச் சந்திப்புக்குச் சற்றுப் பின்னால், கீழ் பாரின் அடிப்பக்கத்தில், பெயின்ட் சுருங்கியோ வெடித்தோ இருக்கும். விரலால் தடவினால் லேசான புடைப்பு தட்டுப்படும். அப்படி இருந்தால் வாங்க வேண்டாம். அப்புறம் பெடல் அச்சு இருக்கும் பகுதியின் அடியில், சீட் பைப் நுழையும் வாயில், பின்சக்கரம் மாட்டியிருக்கும் இரண்டு முனைகளில் விரிசல் தேடுங்கள். இரும்பு ஃப்ரேமில் விரிசல் இருந்தால் பற்றவைக்க முடியும் என்பார்கள். நல்ல கைதேர்ந்தவர் செய்தால் நிற்கும்தான். ஆனால் முதல் சைக்கிளுக்கு அந்தத் தலைவலி எதற்கு? அலுமினியத்தில் விரிசல் என்றால் யோசிக்கவே வேண்டாம். கார்பன் ஃப்ரேமின் உள் சேதம் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும் என்பதால் பழையதில் அதைத் தொடாதீர்கள்.

பக்கவாட்டில் நின்று, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பாருங்கள். அது ஹேண்டில் பைப்பின் (ஹேண்டிலுக்குக் கீழே ஃப்ரேமின் முன்முனையில் உள்ள பைப்) சாய்வை ஒட்டியே இறங்கி, முன்னோக்கி லேசாக வளைய வேண்டும். சில ஃபோர்க் வளையாமல் நேராகவே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், அதுவும் சரிதான். பின்னோக்கித் தள்ளியதுபோல் இருந்தால் எதிலோ மோதியிருக்கிறது. பிறகு சைக்கிளுக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு நூலைப் பின்சக்கர முனை ஒன்றில் கட்டி, ஹேண்டில் பைப்பைச் சுற்றி, மறுபக்க முனைக்கு இழுத்துக் கட்டுங்கள். சீட் பைப் நுழையும் ஃப்ரேம் பைப்பிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரம் ஒன்றாக இருக்க வேண்டும். 2, 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஃப்ரேம் கோணியிருக்கிறது.

இறுகிப்போன பாகங்களையும் இங்கேயே சோதியுங்கள். சீட் பைப்பைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். "அதெல்லாம் அப்புறம் எண்ணெய் விட்டா வந்துடும்" என்று சொன்னால் வந்துவிடும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரும்பு ஃப்ரேமுக்குள் அலுமினியப் பைப் பல வருடம் அசையாமல் இருந்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், ஃப்ரேமை அறுக்கும் நிலைகூட வரும். சீட் ஏற்கெனவே உங்கள் உயரத்தில் இருந்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள்.

மேலோட்டமான துரு பெரிய விஷயமில்லை. கீறல், மங்கிய பெயின்ட் எல்லாம் உங்களுக்கு லாபமே. விலை குறையும், திருடன் கண்ணும் படாது. ஆனால் ஃப்ரேம் முழுக்க வீட்டிலேயே அடித்த புதுப் பெயின்ட் பளபளத்தால் எதை மறைக்கிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கும்.

சக்கரமும் டயரும்

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இடைவெளி 2, 3 மில்லிமீட்டர் கூடிக் குறைந்தால் மெக்கானிக் கோட்டம் எடுத்துவிடுவார். சக்கரம் மேலும் கீழும் குதித்தாலோ, ரிம் ஓரிடத்தில் நெளிந்திருந்தாலோ ரிம்மை மாற்ற வேண்டியிருக்கும், அது செலவு. ஸ்போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அமுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு தளர்ந்திருக்கலாம், பல கம்பி தொளதொளவென்று இருந்தாலோ உடைந்திருந்தாலோ அந்தச் சக்கரத்துக்கு ஆயுள் குறைவு.

ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், கட்டை உராயும் பக்கத்தை விரலால் தடவுங்கள். உட்குழிந்து பள்ளமாக இருந்தால் ரிம் தேய்ந்துவிட்டது. அலுமினிய ரிம்மா, பளபளக்கும் இரும்பு ரிம்மா என்பதையும் பாருங்கள். நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை சரியாகப் பிடிக்காது, சைக்கிள் நிற்க அதிக தூரம் எடுக்கும். மழையிலும் ஓட்டப்போகிறவர் அலுமினிய ரிம் உள்ளதைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

டயர் பழையதென்றால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த அளவு டயர் கிடைக்குமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். டயரின் பக்கவாட்டில் 37-622 என்பதுபோல் ஒரு எண் இருக்கும். முதலாவது அகலம், இரண்டாவது டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அங்குலக் கணக்கை நம்பினால் குழப்பம்தான். 28 அங்குலம் என்று எழுதியது 622 ஆகவும் இருக்கும், தடிமனான பழைய சைக்கிளில் 635 ஆகவும் இருக்கும். ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. 26 அங்குலமும் அப்படியே, 559 என்றும் 590 என்றும் வேறு வேறு உண்டு. எண்ணைப் படம் எடுத்து, நீங்கள் வழக்கமாகப் போகும் கடையில் அந்த டயர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆட்டம் எங்கே இருக்கிறது?

பேரிங் தேய்ந்த சைக்கிள் கையில் சொல்லிவிடும். சக்கரத்தின் மேல் விளிம்பைப் பிடித்து இடம் வலமாக அசையுங்கள், 'டக்' என்று ஆடினால் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியில், பேரிங்கை இறுக்கிப் பிடிக்கும் கோன் தளர்ந்திருக்கிறது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஹேண்டில் கழுத்தில் ஆட்டம் இருந்தால் அங்கே தட்டும். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நேர்நிலையில் வரும்போது பள்ளத்தில் விழுந்ததுபோல் நின்றால் கழுத்துப் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது, மாற்ற வேண்டும்.

பெடலைத் தாங்கும் கிராங்க்கின் இரண்டு கைகளையும் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஆடினால் உள்ளே இருக்கும் அச்சின் பேரிங் கோளாறு, ஒன்று மட்டும் ஆடினால் அந்தக் கை தளர்ந்திருக்கிறது. தளர்ந்த கையை அப்படியே பல நாள் ஓட்டியிருந்தால் அச்சு உட்காரும் துளை தேய்ந்து, எவ்வளவு இறுக்கினாலும் மறுபடி கழலும். பெடல்களையும் திருகிப் பாருங்கள். இடது பெடலின் மரை மட்டும் எதிர்ப்புறமாக இருக்கும். இது தெரியாமல் யாராவது முறுக்கிக் கிராங்க்கின் மரையைக் கெடுத்திருக்கலாம்.

இவற்றில் பலவும் கிரீஸ் வைத்துச் சரியாக இறுக்கினாலே தீர்ந்துவிடும். எத்தனை இடத்தில் ஆட்டம் என்று குறித்துக்கொண்டால் விலை பேசும்போது உதவும்.

பிரேக்

லீவரை முழு பலத்தோடு அழுத்துங்கள். அது ஹேண்டிலைத் தொடக் கூடாது. முன் பிரேக்கைப் பிடித்துச் சைக்கிளை முன்னால் தள்ளினால் பின்சக்கரம் தூக்க வேண்டும், பின் பிரேக்கைப் பிடித்து இழுத்தால் சக்கரம் உருளாமல் தேய்ந்து வர வேண்டும். கட்டையும் கேபிளும் மலிவானவை, தேய்ந்திருந்தால் பரவாயில்லை. எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் லீவர் பஞ்சுபோல் உள்ளே போனாலோ, கசிவு தெரிந்தாலோ செலவு கூடும். எந்தக் கை லீவர் முன் பிரேக் என்பது நாட்டுக்கு நாடு மாறும், முந்தைய சொந்தக்காரர் மாற்றியும் வைத்திருக்கலாம். ஓட்டிப் பார்க்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

செயினும் கியரும்

ஒரு அடி ஸ்கேலைக் கையோடு கொண்டுபோங்கள். செயினில் கண்ணிகளை இணைக்கும் ஒரு பின்னின் (pin) நடுவில் பூஜ்யத்தை வைத்தால், 12 அங்குலக் கோடு இன்னொரு பின்னின் நடுவில் சரியாக வர வேண்டும். அந்த இரண்டாவது பின் கோட்டிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 3 மில்லிமீட்டர் தள்ளியிருந்தால் பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரங்களும் சேர்ந்து தேய்ந்திருக்கும், புதுச் செயின் போட்டாலும் வழுக்கும். பற்களின் நுனி சுறாத் துடுப்புபோல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாக இருந்தாலும் அதே கதைதான்.

கியர் சைக்கிள் என்றால் எல்லாக் கியருக்கும் மாற்றிப் பாருங்கள். கியர் மாற்றும் கருவி மாட்டியிருக்கும் தகடு உள்பக்கமாக வளைந்திருந்தால் வலது பக்கமாக விழுந்த சைக்கிள். வளைவு குறைவாக இருந்தால் நிமிர்த்தலாம். கியர் முழுவதும் பின் ஹப்புக்குள்ளேயே இருக்கும் வகை ஒன்று உண்டு. அது நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். மழையும் தூசியும் உள்ளே போகாது, சைக்கிள் நின்றிருக்கும்போதே கியர் மாற்றலாம். தினசரிப் பயணத்துக்கு எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஓட்டிப் பாருங்கள்

இரண்டு தெரு சுற்றி வருவது போதாது, 10 நிமிடமாவது ஓட்டுங்கள். சின்ன ஏற்றம் ஒன்றில் அழுத்தி மிதியுங்கள். அப்போது பெடல் திடீரென்று பிடிமானம் இல்லாமல் வழுக்கினால், மிதிக்காதபோது பின்சக்கரத்தைத் தனியே உருளவிடும் ஃப்ரீவீல் கெட்டிருக்கிறது அல்லது செயின் பல் தாண்டுகிறது. போக்குவரத்து நடுவே இது நடந்தால் விழுந்துவிடுவீர்கள், அதனால் சரிசெய்யாமல் ஓட்டவே கூடாது. சைக்கிள் ஒரு பக்கமாக இழுக்கிறதா, பிரேக் அடிக்கும்போது அதிர்கிறதா, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். கையில் ஒரு பை எடுத்துப்போகிறவர் என்றால் அந்த எடையோடு ஓட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. விற்பவர் ஓட்டிப் பார்க்கவே விடவில்லை என்றால் வேறு சைக்கிளைத் தேடுங்கள். ஒரு பிணையை அவரிடம் கொடுத்துவிட்டு ஓட்டுவது இருவருக்கும் நியாயமானது.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை

ஃப்ரேம் எண் பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் பொறிக்கப்பட்டிருக்கும். அது அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீது இருக்கிறதா, எத்தனை வருடமாக வைத்திருக்கிறார், ஏன் விற்கிறார், சைக்கிளில் கடைசியாக என்ன பழுது பார்த்தார் என்று சாதாரணமாகக் கேளுங்கள். தன் சைக்கிளை ஓட்டியவர் இதற்கெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வார். ரசீது இல்லாவிட்டால் ஃப்ரேம் எண், தேதி, தொகை, இருவர் பெயர் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். திருட்டுச் சைக்கிள் என்று பின்னால் தெரிந்தால் பணமும் போகும், சைக்கிளும் போகும். அதைவிட, யாரோ ஒருவர் தினமும் வேலைக்குப் போன வண்டி அது என்பதை நினைத்துப் பாருங்கள்.

விலைக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கும் விலையோடு உடனே மாற்ற வேண்டிய பாகங்களின் விலை, மெக்கானிக் கூலி, பூட்டு, விளக்கு எல்லாவற்றையும் கூட்டுங்கள். கேரியர், மட்கார்டு, செயின் கார்டு, ஸ்டாண்டு, பெல் ஏற்கெனவே இருந்தால் அது உண்மையான மிச்சம். தனித்தனியாக வாங்கினால் எல்லாம் சேர்ந்து ஒரு தொகை ஆகிவிடும். இந்தக் கூட்டுத்தொகை, அதே தரத்தில் புதுச் சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டினால் நான் வாங்க மாட்டேன். தெரிந்த மெக்கானிக் இருந்தால் கூலி கொடுத்துக் கூட அழைத்துப் போங்கள், அந்தப் பணம் வீணாகாது.

வாங்கிய பிறகு

முதல் நாளே வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். பிரேக் கட்டை, கேபிள், ட்யூப் ஆகியவற்றைப் பழையது ஓரளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், மொத்தச் செலவில் இது சின்னப் பங்குதான். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, மிஞ்சியதைத் துணியால் துடையுங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்குள் காற்று அடியுங்கள். முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு மாட்டுங்கள். ஃப்ரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து, அசையாத ஒரு கம்பத்தோடு பூட்டும் அளவுக்குப் பெரிய பூட்டு வாங்குங்கள். ஃப்ரேம் எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விடுமுறை நாள் ஒன்றில் அதே பாதையில் போய் வாருங்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று தெரியும். முதல் வாரம் முடிந்ததும் மெக்கானிக்கிடம் இன்னொரு தடவை கொண்டுபோங்கள். புதுக் கேபிள் கொஞ்சம் நீண்டிருக்கும், கிராங்க்கும் பெடலும் ஹேண்டிலும் இன்னொரு சுற்று இறுக்கம் கேட்கும். அந்த வேலைக்கு 10 நிமிடத்துக்கு மேல் ஆகாது.